நீ கண்டியா, காணலியா?

அக்காவை நான் முதலில் பார்த்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அவள் வீட்டு ஜன்னல் ஏசியைக் கழுவப் போனபோது. வளைகுடாவில், ஃபர்வானியா என்ற ஊரில் ஒரு பழைய கட்டடம், நான்காவது மாடி. கதவைத் திறந்தது அவள் புருஷன். உள்ளே ஒரு பெண், நர்ஸ் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், ஒரு காலில் மட்டும் ஷூவைக் கழற்றிவிட்டு டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"கரண்டை ஆஃப் பண்ணணும்" என்றேன்.

"ஆஃப் பண்ணினியோ, நீ இங்கேருந்து நடந்து போவ மாட்ட. பத்து நிமிஷம் நில்லு" என்றாள் அவள்.

சும்மா நிற்க வேண்டாமே என்று ஏசியின் முன்மூடியைக் கழற்றி, வலையை உருவ ஆரம்பித்தேன். பின்னால் திடீரென்று ஒரு கத்தல். இங்கிலாந்து லீக்கில் கடைசி நிமிடத்தில் கோல் விழுந்திருந்தது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீயே சொல்லு. அது ஆஃப்சைடா, இல்லியா?"

எதற்கு வம்பு என்று, "ஆமாக்கா, ஆஃப்சைடுதான்" என்றேன்.

"நீ கண்டியா?"

நான் கையிலிருந்த வலையைப் பார்த்தேன்.

"ஏசிக்குள்ள தலைய விட்டுட்டு நின்ன ஆளு எப்பிடிக் காணுவ? எனக்காவச் சொல்லாத. கண்டா கண்டேன்னு சொல்லு. காணலன்னா காணலன்னு சொல்லு."

கோபம்தான் வந்தது எனக்கு. ஆனால் நானும் கன்னியாகுமரிக் கடற்கரைதான் என்று தெரிந்ததும் அவள் புருஷன் ஒரு தட்டு நிறையச் சோறும் மீன்குழம்பும் வைத்தார். அடுத்த சனிக்கிழமை ஏசி வேலை எதுவும் இல்லாமலே போனேன். அதன்பின் ஐந்து வருடம் போய்க்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு நாற்பது தாண்டியிருக்கும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். புருஷனுக்குக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை ஆனால் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பாய் விரிப்பதும் சமைப்பதும் அவர்தான். மேட்ச் பார்க்கக் காசு கட்டி வாங்கும் டிஷ் கார்டு அந்தக் கட்டடத்தில் அவர்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. டிரைவர்கள், சூப்பர்மார்க்கெட் பையன்கள், வெல்டர்கள் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் அங்கேதான் கூடுவோம். பாதிப் பேர் சிவப்புச் சட்டை அணிக்கு, பாதிப் பேர் நீலத்துக்கு. அக்கா சிவப்பு. சிவப்பு என்றால் உயிர்.

ஆட்டம் முடிந்த பிறகுதான் அங்கே நிஜ ஆட்டம் தொடங்கும். பெனால்டி கொடுத்தது சரியா, கூடுதல் நேரம் எதற்கு ஆறு நிமிடம், சிவப்பு அட்டை ஏன் அவனுக்கு மட்டும். ஆட்டத்தை எல்லாம் வீடியோ கேசட்டில் பதிந்துவைத்திருப்பாள் அக்கா. சந்தேகமான கோல் என்றால் ரீவைண்ட், மறுபடி ரீவைண்ட். ஒரு தடவை பதினோரு முறை ஓட்டினாள். டேப் கீறிப்போய்த் திரையில் மழை பெய்தது. அந்த மழைக்குள்ளும் கோட்டைத் தேடினாள்.

"பெரிய டீமுன்னா அப்பிடித்தான்க்கா கொடுப்பான். விடுங்க" என்பான் சூப்பர்மார்க்கெட் கேஷியர்.

"பெரிய டீமுன்னா கோடு நவந்து குடுக்குமா?"

"ரெஃபரியும் மனுஷன்தானே" என்று ஒரு டிரைவர் அண்ணன் இழுப்பார்.

"மனுஷன் தப்பு பண்ணட்டு. அந்தத் தப்பு ஏன் எப்பவும் ஒரே பக்கமா சாயுது? சின்ன டீமுக்குச் சாதகமா ஒரு நாளாவது கண்ணு தெரியாமப் போவுதா அவனுக்கு? நான் ஃபர்வானியால இருந்து கண்டேன், ஒலகமே கண்டாச்சு. விசில் வச்சிருக்கவன் மட்டும் காணல. அவன் சொன்னதுதான் சட்டமாம்!"

டிவியில் மறுபடி போட்டுப் பார்த்து முடிவு சொன்னால் என்ன கெட்டுப்போகும் என்று அந்த நாளிலேயே கேட்டவள் அவள். ஆட்டத்தின் வேகம் போய்விடும் என்று யாரோ சொன்னதற்கு, "வேகமாப் போய் எங்க சேரப்போறீங்க?" என்றாள்.

இதெல்லாம் தோற்ற கட்சியின் புலம்பல் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை சிவப்பு ஜெயித்தது. நீலத்தை, அதுவும் கடைசி நிமிடத்தில். நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். கேஷியர் கீழே ஓடி ஒரு கிலோ ஜிலேபி வாங்கி வந்தான். அக்கா மட்டும் தரையில் உட்கார்ந்து கேசட்டை ரீவைண்ட் பண்ணிக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்ததும் டிவியை அணைத்தாள்.

"ஆஃப்சைடு. ஒரு முழங்கை அளவு வெளிய நிக்கான். இது நம்ம கோல் இல்ல."

"நமக்குத்தானேக்கா கிடைச்சுது!"

"கெடச்சா நம்மளுதா? ரோட்டுல கெடந்த பர்ஸ எடுத்துட்டு ஜிலேபி தின்பியா? கொண்டு போ அத."

ஒரு கிலோ ஜிலேபியும் அப்படியே கீழே போனது. நீலக் கட்சிக்காரர்கள் வாசலில் நின்று தின்றார்கள். அவர்களைப் பார்த்தும் சத்தம் போட்டாள். "நீங்க மட்டும் யோக்கியமா? போன மாசம் அந்த பெனால்டிக்கு வாயத் தொறந்தீங்களா?"

அவளுடைய ஆஸ்பத்திரியின் ஏசி கான்ட்ராக்ட் எங்கள் கம்பெனியிடம் இருந்தது. அங்கேயும் அவள் அப்படித்தான் என்று அதனால் எனக்குத் தெரியும். ஒரு டிசம்பரில், வார்டு கூரைக்கு நான் ஏணி போட்டு நிற்கும்போது, கீழே சண்டை. ஒரு பிலிப்பினோப் பெண்ணுக்கு நாலு வருடமாகக் கிறிஸ்மஸ் அன்று டூட்டி. ஹெட் நர்ஸுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் நாலு வருடமும் லீவு. அக்கா பழைய டூட்டி சார்ட்டை எல்லாம் எங்கிருந்தோ தேடி எடுத்து மேசையில் பரப்பியிருந்தாள். "கலாஸ் சிஸ்டர், பேச்சு முடிஞ்சுது, இங்கே நான்தான் இன்சார்ஜ்" என்றாள் ஹெட் நர்ஸ். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு அரை நாள் லீவும், அக்காவுக்கு முழு நாள் டூட்டியும் கிடைத்தன. தனக்கு டூட்டி விழுந்ததைப் பற்றி அவள் பேசவே இல்லை. "அரைக் கிறிஸ்மஸ்னு ஒண்ணு உண்டா லே?" என்று என்னிடம் ஈஸ்டர் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அவள் சிறுமியாக இருந்தபோது கடற்கரையில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். பெண்பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் மணலில் கிழித்த கோட்டை அலை வந்து அழித்துவிடும். பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று சொல்ல அந்த இடத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அதற்கு மட்டும் இவளைக் கூப்பிடுவார்கள். "எங்க அண்ணனுக்கு எதிராச் சொன்னா வீட்டுல அடி. அவன் கூட்டாளிக்கு எதிராச் சொன்னா ரோட்டுல அடி. அடி வாங்கினாலும் அடுத்த நாளும் என்னையத்தான் கூப்பிடுவானுவ" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கோபம் இல்லை.

இனி என் கதையையும் சொல்ல வேண்டும்.

எங்கள் கடற்கரைச் சங்கம் குளிர்காலத்தில் ஏழு பேர் ஆடும் கால்பந்துப் போட்டி ஒன்றை நடத்தும். அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான்; அன்று காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஒரு மணல் மைதானத்தில். ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை பெரிதல்ல. எல்லா மாநிலத்துக்காரர்களும் ஆடும் பெரிய லீக்கில் இடம் கிடைக்கும். அது பதினாறு வெள்ளிக்கிழமை நடக்கும். நான் அப்போது சங்கத்தின் துணைச் செயலாளர். இறுதி ஆட்டத்துக்கு லைன்ஸ்மேனும் நான்தான். அக்கா முதலுதவிப் பையோடு கோட்டோரத்தில் நின்றாள்.

ஒரு பக்கம் அக்காவின் சொந்த ஊர் அணி. முன்னால் ஆடுகிறவன் அவளுடைய நாத்தனார் மகன். மறுபக்கம் ஊருக்கு வெளியே இருந்த ஒரு கட்டுமான கேம்ப்பின் அணி. கம்பி கட்டுகிறவர்கள், பலகை அடிக்கிறவர்கள், எல்லாம் புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். கம்பெனி கொடுத்த நீல பனியனில் மார்க்கரால் நம்பர் எழுதிப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமையும் பாதி நாள் டூட்டி உண்டு. ஜெயித்துப் பெரிய லீக்குக்குப் போனால் அந்தப் பதினாறு வெள்ளியும் டூட்டி இல்லை, பஸ்ஸும் தருகிறேன் என்று கேம்ப் பாஸ் சொல்லியிருந்தான். ஆட்டத்துக்கு முன்னால் அவர்களுடைய கேப்டன் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். "கப்பு வேணாம்ணே, வெள்ளிக்கிழமை போதும்."

கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடியப்போகிற நேரம். அக்கா ஊர் அணிக்கு ஒரு கார்னர். நான் கோல்கோட்டுக்கு நேராகக் கொடியோடு நிற்கிறேன், பத்தடி தூரத்தில். பந்து உயர்ந்து வந்தது. நாத்தனார் மகன் எம்பினான். தலைக்கு எட்டவில்லை. மணிக்கட்டால் தள்ளினான். கோல்.

ரெஃபரி ஒரு மலையாளி பி.டி. மாஸ்டர். அவருக்கு முன்னால் நாலைந்து பேர் மறைத்திருந்தார்கள். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கொடி என் கையில், தொடையை ஒட்டி இருந்தது. என் ரூமில் இருக்கிற ஐந்து பேரில் மூன்று பேர் அந்த அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். கமிட்டித் தலைவர் எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொடியை நான் தூக்கவில்லை.

நீல பனியன்கள் ஓடிவந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "கையில பட்டுச்சுண்ணே! நீங்க பக்கத்துலதானேண்ணே நின்னீங்க!" கோல்கீப்பர் தன் மணிக்கட்டைக் காட்டிக்காட்டிச் சொன்னான். ரெஃபரி வந்து, "ஹேண்ட் உண்டோ?" என்று கேட்டார். "கண்டில்ல" என்றேன்.

அப்போதுதான் அக்கா முதலுதவிப் பையோடு மைதானத்துக்குள் வந்தாள்.

"அது கை. நான் கண்டேன்."

"சிஸ்டரே, ப்ளீஸ், கிரவுண்டுக்கு வெளியே போகணும்" என்றார் ரெஃபரி.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என் முன்னால் வந்து நின்றாள். "நீ கண்டியா, காணலியா?"

"காணலக்கா."

"ஏசிக்குள்ளயா தலைய விட்டிருந்த?"

"மறைச்சிருந்துச்சுக்கா."

"ஒன் மூஞ்சிக்கும் அவன் கைக்கும் நடுவுல காத்து மட்டும்தான் லே இருந்துச்சு."

இரண்டு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் நாத்தனார் மகனைத் தோளில் தூக்கினார்கள். கேம்ப் பஸ் டிரைவர் "யல்லா, யல்லா" என்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். புகார் கொடுக்க வேண்டுமானால் ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில், கேப்டன் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கேப்டனுக்கு அதெல்லாம் தெரியாது. அக்கா பஸ் படியில் ஏறி நின்று, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தானே எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுவந்து தலைவரின் கையில் திணித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. தலைவர் ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு மேனேஜர். யாரிடமும் முகம் சுளிக்க மாட்டார்.

"நம்ம ஊர் பிள்ளைகதானேம்மா ஜெயிச்சிருக்கு. அதுலயும் ஒங்க வீட்டுப் பிள்ளை. நீங்க எதுக்கு அந்தப் பக்கம் நிக்கீங்க?"

"நான் எந்தப் பக்கமும் நிக்கல. கோட்டுல நிக்கேன். நம்ம பிள்ளைங்கன்னு சொல்லுதீங்களே, அப்ப அவனுவ யாரு பிள்ளை? நாள் முழுக்க வெயில்ல கம்பி வளைக்கானுவ. வெள்ளிக்கெழமைக்கு ஆசப்பட்டு வந்தானுவ. அதையும் பிடுங்கிட்டு மால போட்டுக்கிட்டீங்க. தூ!"

நாத்தனார் மகன், "தலையிலதான் பட்டுது அத்தே" என்றான். என்னிடம் எழுதி வாங்கினார்கள். 'பார்க்கவில்லை' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். தீர்ப்பில் மாற்றமில்லை.

அதன்பின் அக்கா வீட்டுக்கு யாரும் போகவில்லை. தலைவர் தன் வீட்டு ஹாலில் டிஷ் கார்டு போட்டார். கூட்டம் அங்கே மாறியது. நாத்தனார் குடும்பம் பேச்சை நிறுத்திக்கொண்டது. பாய்களை மடித்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டதாக அவள் புருஷன் ஒருநாள் பக்காலா மளிகைக் கடையில் என்னிடம் சொன்னார். "பழக்கத்துல அரிசி கூடப் போட்டுருதேன். சோறு மிச்சமாவுது" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. நான் அந்தப் பக்காலாவுக்குப் போவதையும் நிறுத்தினேன்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூசைக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. எல்லாரும் வேலை உடுப்பில், பாதித் தூக்கத்தில். ஜன்னலோரத்தில் அந்தக் கோல்கீப்பர். என்னை அடையாளம் கண்டுகொண்டான். முறைத்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் தெரிந்த ஆளைப் பார்த்த சந்தோஷத்தில் கையை ஆட்டினான். என்னால் திருப்பி ஆட்ட முடியவில்லை.

பூசைக்குப் போகாமல் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன். "அக்கா, நான் கண்டேன்."

அவள் அழுவாள், அல்லது அடிப்பாள் என்று நினைத்திருந்தேன். "எனக்கு எதுக்குச் சொல்லுத? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. அவங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

அன்று சாயங்காலமே டாக்ஸி பிடித்துக் கேம்ப்புக்குப் போனேன். துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தான் கேப்டன். சொன்னேன். அவன் கையிலிருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தான், தண்ணீர் வராத பிறகும்.

"ஏண்ணே இப்ப வந்து சொல்றீக? ஒரு கொடி. அதத் தூக்குறதுக்கு ஒங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருந்துச்சாண்ணே?"

கோல்கீப்பருக்கு அதுவரை என்மேல் சந்தேகமே இல்லை. நான் நிஜமாகவே பார்க்கவில்லை என்று நம்பியிருந்தான். அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். "கமிட்டியே தலைதான்னு சொல்லிருச்சுன்னு, தலையால அடிச்ச பந்தக்கூடப் பிடிக்கத் தெரியாதவன்னு ரூமே என்னய நக்கல் பண்ணுது. வாங்க. எல்லார்கிட்டயும் ஒங்க வாயாலயே சொல்லுங்க." பத்துப் பேர் இருந்த அந்த ரூமில், அடுக்குக் கட்டில்களுக்கு நடுவில் நிறுத்தினான். சொன்னேன். ஒவ்வொருத்தராகத் திட்டினார்கள். என் அம்மாவை, என் ஊரை, என் வேதத்தை. ஒருத்தன் செருப்பை எடுத்தான். கேப்டன்தான் பிடித்துக்கொண்டான்.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். இந்தத் தடவை உள்ளே விட்டாள்.

"நல்லாத் திட்டினானுவளா?"

"நல்லாத் திட்டினாங்கக்கா."

"திட்டணும். கமிட்டிகிட்ட எப்பச் சொல்லப்போற?"

அவள் விடுகிற ஆள் இல்லை. சங்கத்தின் பொதுக்கூட்டம் மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து தலைவர் வீட்டு ஹாலில் நடந்தது. அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவு பேருக்கு நடுவில் ஒரே பெண். நான் எழுந்து கடிதத்தை வாசித்தேன். நான் பார்த்தேன், அது கை, வேண்டுமென்றே மறைத்தேன், பொய்யாக எழுதிக்கொடுத்தேன் என்று. என் ரூம்காரன் ஒருத்தன் கத்தினான், "எவ்வளவு குடுத்தா அக்கா ஒனக்கு?"

தலைவர் முகம் சுளிக்காமல் கடிதத்தை வாங்கி மடித்தார். "ரெஃபரி முடிவே இறுதி. ஆனாலும் யாரும் குறை சொல்லக் கூடாது பாருங்க. ஓட்டுக்கு விட்டுருவோம். அது சரியான கோல்தான், தலையிலதான் பட்டதுன்னு நினைக்கிற கமிட்டி உறுப்பினர்கள் கை தூக்குங்க."

ஒன்பது பேர் தூக்கினார்கள். நாலு பேர் தூக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. என் பதவியும் அந்தக் கூட்டத்திலேயே போனது. "கலாஸ். பிரியாணி ரெடியா இருக்கு, எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் தலைவர்.

அக்கா எழுந்து வெளியே நடந்தாள். நானும் பின்னால் போனேன். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்க ஆரம்பித்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. எனக்கு நன்றியும் சொல்லவில்லை. ஏழாவது மாடியிலிருந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தையாக, அந்தக் கட்டடமே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு இறங்கினாள்.

"ஓட்டுப் போட்டா கை தலையாயிருமா? ஒம்பது பேரு கையத் தூக்கினா கை தலையாயிருமா லே? நாளைக்கு நூறு பேரு தூக்கினா காலும் தலையாயிருமா?"

நான்காவது மாடியில் ஒரு கதவு திறந்தது. எகிப்துக்காரப் பெண் ஒருத்தி, கையில் அகப்பையோடு, என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். அக்கா நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கற்ற அரபியையும் தமிழையும் கலந்து அவளுக்கு விளக்க ஆரம்பித்தாள். பந்து இப்படி வந்தது, பையன் இப்படி எம்பினான் என்று படியிலேயே எம்பிக் காட்டினாள். தன் மணிக்கட்டைப் பட்டென்று தட்டினாள். பிறகு தலையைத் தொட்டு, "மாஃபி, மாஃபி" என்று, இல்லை என்பதுபோல் கையை ஆட்டினாள். மேலே ஒன்பது கைகள் என்று விரல்களை விரித்துக் காட்டினாள்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. மேல் மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, உச்சுக்கொட்டி, அநியாயம் என்கிற மாதிரி, "ஹராம்" என்றாள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா? இவளுக்குப் புரியுது."